நாலு பேர் உட்காரும் கல்

படகுத்துறையில் பயணச்சீட்டுக் கொடுக்கிறவருக்கு அந்தத் தீவில் அரைமணி என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அலுவலகக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது, அதை எடுத்துக் கூப்பிடத்தான் ஆளில்லை. எதைச் சொன்னாலும் அரைமணி நேரம் கூட்டித்தான் அவருக்குச் சொல்ல வரும். நாலரைப் படகுக்கு நாலு மணிக்கே வந்து நில்லுங்கள் என்பார். பல்லைப் பிடுங்கப் பத்து நிமிடம் ஆகும் என்ற பல் வைத்தியரிடமே, "எதுக்கும் நாப்பது நிமிஷம்னு வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்த மனிதர்.

தீவு ஒன்றும் பெரியதில்லை. துறையிலிருந்து மேலேறும் ஒரு தெரு. அதில் ஒரு கடை, ஒரு பேக்கரி, ஒரு பள்ளிக்கூடம். தெரு முடிகிற இடத்தில் ஒரு தங்கும் விடுதி. அதற்கு மேல் மலை. செவ்வாய் தவிர மற்ற நாளெல்லாம் காலை எட்டரைக்கு ஒரு படகு வரும், அதே படகு சாயங்காலம் நாலரைக்குத் திரும்பும். நடுவில் இருப்பது எட்டு மணி நேரம். மலை ஏறி இறங்க ஆறரை மணி நேரம் போய்விடும். வழியில் கொஞ்சம் அப்படி இப்படி இருந்துவிட்டால் படகு போய்விடும். அதுவும் திங்கட்கிழமை தவறவிட்டவர் புதன்கிழமை வரை கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதனால் படகை விட்டு இறங்குகிறவர்கள் நேரே அரைமணியின் ஜன்னலுக்குத்தான் வருவார்கள். பிறை வடிவத்தில் ஓட்டை வைத்த கண்ணாடி, நூலில் கட்டிய பேனா, ஒரு கால் குட்டையான நாற்காலி. நாற்காலி ஆடாமல் இருக்கப் பழைய சீட்டுகளை எட்டாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்திருப்பார். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தாள்கள் தொங்கும். 'மலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு' என்று தலைப்பு. எங்கே வேலிக் கதவு, எங்கே முதல் ஓடை, எந்த இடத்தில் பாசி வழுக்கும், எத்தனை மணிக்குத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளை நம்பிப் போய்ப் படகைத் தவறவிட்டவர் இதுவரை ஒருவர் கூட இல்லை.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். அரைமணி அந்த மலையில் ஏறினதே இல்லை.

நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் நடந்தது இதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், தொப்பி போட்ட ஓர் அம்மாள் ஜன்னலில் குனிந்து, "நீங்க மேல போயிருக்கீங்களா?" என்று கேட்டார். பின்னால் பதினெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "எத்தனை தடவை!" என்று சொல்லிவிட்டார். அத்தோடு முடிந்தது கதை. அதற்கப்புறம் எப்படி ஏறுவது? பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, வழி தெரியாமல் விழிக்கிறதை யாராவது பார்த்துவிட்டால்? அந்தத் தீவில் தும்மினால் கூட அடுத்த தெருவிலிருந்து விசாரிப்பார்கள், அடுத்த தெரு இல்லை என்பதுதான் குறை. போயிருக்கிறேன் என்று சொன்ன பாவத்துக்காகவே அவர் போகாமலே இருந்தார். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

பின்னே தாளில் இருப்பதெல்லாம் எங்கிருந்து வந்தது? அவருடைய அரைமணி நேரத்திலிருந்துதான் வந்தது. நாலு மணிக்கே இறங்கி வந்தவர்கள் படகு வரும்வரை ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சும்மா இருக்கிறவர்கள் பேசுவார்கள். கதவுக்கும் ஓடைக்கும் எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் சறுக்குகிறது, எந்த இடத்தில் தண்ணீர் குடிக்கலாம் என்று அவர் ஒரு வார்த்தை போட்டு ஒன்பது வார்த்தை வாங்குவார். ஒருவர் சொன்னதை இன்னும் நாலு பேரிடம் சரிபார்த்த பிறகுதான் எழுதுவார். ஏறினவர்களே இத்தனை அக்கறையாக அந்த மலையைப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ஒரு வரி மட்டும் அப்படி வந்ததில்லை. இரண்டாவது ஓடைக்கும் மேட்டு முகட்டுக்கும் நடுவே ஒன்றரை மணி நேர ஏற்றம். அங்கே என்ன இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும், "ஒண்ணும் இல்லீங்க, வெறும் ஏத்தம்" என்றார்கள். தாளில் அந்த இடம் மட்டும் வெறிச்சென்று இருந்தது. வயசானவர்களும் வருகிறார்கள், ஒன்றரை மணி நேரம் ஏறுகிறவர்களுக்கு உட்கார ஓர் இடம் கூடவா இருக்காது என்று அவர் மனசு கேட்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பேனாவை எடுத்து எழுதிவிட்டார்: 'இரண்டாவது ஓடை தாண்டி முக்கால் மணி நேரத்தில், இடப்பக்கம், நாலு பேர் உட்காரும் கல். பத்து நிமிடம் இளைப்பாறவும்.'

முதல் வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒருவர் இறங்கி வந்து, "அந்தக் கல் ரொம்ப வசதியா இருந்துச்சு சார்" என்றார். அரைமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கடுத்த நாள் ஒரு தம்பதி, "நாங்க அந்தக் கல்லுலதான் சாப்பிட்டோம்" என்றார்கள். அப்புறம் வாரத்துக்கு நாலு பேராவது சொன்னார்கள். அரைமணிக்கு மனிதகுலத்தின் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. இல்லாத கல்லில் உட்கார்ந்தேன் என்று கூசாமல் சொல்கிறார்களே! தாளில் இருப்பதைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு இப்படி அள்ளி விடுகிறார்கள் என்று முடிவு கட்டினார். உலகத்தில் தான் ஒருவன்தான் புளுகன் என்று அதுவரை இருந்த வருத்தமும் அவருக்குப் போய்விட்டது.

இப்போது அவர் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விடுதியின் சலவை அறையில் வேலை. காலை எட்டிலிருந்து இரண்டு வரை படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிப்பார். இடது கைக் கட்டை விரல் நகம் கோணலாக வளர்ந்திருக்கும். எப்போதோ சலவை இயந்திரத்தின் மூடி விழுந்து நசுங்கியதாம். அந்த நகத்தால் அவர் திறக்காத டப்பா கிடையாது.

அவருக்கு ஒரு தங்கை, பெருநகரத்தில் இருக்கிறாள். மாடி வீடு, வாசலில் கார், பிள்ளைகள் இரண்டும் மருத்துவம் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் தங்கை இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பாள். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒன்றே ஒன்று சொல்வார். "எங்க வீட்டுக்காரர் அந்த மலையைக் கண்ணைக் கட்டி விட்டாலும் ஏறிடுவாரு." அவ்வளவுதான். பதிலுக்கு எடுத்து வைக்க அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அரைமணி பக்கத்து அறையில் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொள்வார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொலைபேசியைத் தங்கையின் கணவர் வாங்கி, அரைமணியைக் கூப்பிடச் சொன்னார். அவர் நடைப்பயிற்சிக்காரர். இரண்டு கைக்கும் இரண்டு கம்பு, எத்தனை அடி நடந்தோம், நெஞ்சு எத்தனை தடவை அடித்தது என்றெல்லாம் சொல்லும் கைக்கடிகாரம்.

"என்ன சகலை, ஊருக்கெல்லாம் தாள் எழுதித் தர்றீங்க, எங்களை ஒரு நாள் கூட்டிட்டுப் போறது? அடுத்த வாரம் திங்கக்கிழமை வர்றோம், புதன் கிளம்பறோம். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு லீவுதானே? உங்க ஜன்னலுக்கு வெளியில உங்களை நாங்க பார்த்ததே இல்லை!"

செவ்வாய்க்கிழமையா என்று அரைமணி இழுத்தார். மனைவி தொலைபேசியைப் பிடுங்கி, "வாங்க வாங்க, அவரு முன்னாடி போவாரு, நீங்க பின்னாடியே வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதைப் பார்த்த பிறகு அரைமணிக்கு மறுக்க மனசு வரவில்லை. தன் மானம் போனால் போகட்டும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் குட்டு உடைந்தால் போகப்போவது அவளிடம் இருக்கிற அந்த ஒரே ஒரு பெருமை. அதுவும் தங்கைக்கு முன்னால். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்றிலிருந்து திட்டம் போட ஆரம்பித்தார். பழைய நேர அட்டவணைகளின் பின்பக்கம் முழுக்க அந்தச் செவ்வாய்க்கிழமைதான். ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேலிக் கதவு. ஏழு நாற்பது முதல் ஓடை. எட்டரைக்கு இரண்டாவது. முதல் திட்டத்தில் நாலு பேருக்கும் சேர்த்து எட்டு அவித்த முட்டை, இரண்டு ரொட்டி, ஒரு ஃபிளாஸ்க் தேநீர். மூன்றாவது திட்டத்தில் அரைமணி கூடியது, முட்டை பத்தானது. ஐந்தாவது திட்டத்தில் மழை வந்தது, வானிலை அறிக்கையில் அது வரவில்லை. ஏழாவதில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் லேசாக நொண்டிப் பார்த்தார். மனைவி மூன்று நாள் எண்ணெய் போட்டுத் தேய்த்த தேய்ப்பில், இல்லாத வலி போய் நிஜமாகவே வலி வந்தது. நொண்டுவதை நிறுத்திவிட்டார்.

ஒன்பதாவது திட்டம் ஒத்திகை. யார் கண்ணிலும் படாமல் விடியற்காலையில் ஒரு தரம் ஏறிப் பார்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு, பூனை போல நடந்து பள்ளிக்கூடத்துச் சுவர் வரை போய்விட்டார். பேக்கரிக்காரர் பின்கதவைத் திறந்து மாவுக் கையோடு வெளியே வந்தார்.

"அட, அரைமணியா? இந்நேரத்துல மலைக்கா? உங்களுக்குத்தான் அது மனப்பாடமாச்சே!"

"இல்ல, சும்மா... ரொட்டி வாங்கலாம்னு."

"இன்னும் அடுப்புலயே வைக்கலையே."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரைமணி ஆகும்" என்றார் பேக்கரிக்காரர். சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அரைமணி நின்று, ரொட்டியை வாங்கிக்கொண்டு, வீடு திரும்பினார்.

மிச்சம் இருந்தது ஒரு வழிதான். மற்றதெல்லாம் தாளில் இருக்கிறபடியே இருக்கும், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. கல்தான் காலை வாரப்போகிறது. அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டுப் புதுத் தாள் அச்சடித்துவிட்டால்? சாப்பாட்டு மேசையில் வைத்து அந்த வரியை அடிக்கப் பேனாவைத் திறந்தபோது, மனைவி தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அதை ஏன் அடிக்கறீங்க?"

"இடம் பத்தல. அதுவும் அப்படி ஒண்ணும் முக்கியமான கல்லு இல்ல."

"அதெல்லாம் இருக்கட்டும். மூடுங்க பேனாவை." குரல் சற்றுக் கடுப்பாகவே இருந்தது. "தவிர, பழைய தாளைத் தங்கச்சி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கா. நான்தான் அனுப்பினேன்."

பாவம், அப்பாவி, இவளும் நம்புகிறாளே என்று நினைத்தபோது அரைமணிக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் பதினோராவது திட்டத்தில், கல் வரவேண்டிய இடத்துக்கு நேரே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார்: 'போன மழையில் உருண்டிருக்கும்.' அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

திங்கட்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு நாலு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போனார்கள். முன்னால் அரைமணி. பின்னால் கம்புகளை ஊன்றிக்கொண்டு சகலை. அதற்குப் பின்னால் அக்காவும் தங்கையும் முட்டையும் ரொட்டியும். வளைவு திரும்பியதும், தாளில் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே, கீல் போன வேலிக் கதவு.

"அட, இருக்கே!" என்று அரைமணி தன்னை மறந்து கத்திவிட்டார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "இன்னும் இருக்கேன்னு சொன்னேன். எத்தனை வருஷமா பழுது பாக்காம விட்டிருக்காங்க பாருங்க" என்று பூசி மெழுகினார்.

முதல் ஓடை ஏழு நாற்பதுக்கு வந்தது. பாசி, வழுக்கும் என்று எழுதிய இடத்தில் வழுக்கியது, சகலையே சாட்சி. கடிதத்தில் மட்டும் தெரிந்த சொந்தக்காரர்களை முதன்முதலாக நேரில் பார்ப்பது போல அரைமணிக்கு ஒவ்வொன்றும் இனித்தது. இதைத்தானா இருபத்திரண்டு வருஷமாக எழுதினோம் என்று மலைத்துப் போனார். மூச்சு வாங்கத்தான் செய்தது, ஆனால் மற்றவர்களுக்காக நிற்பது போல நின்று சமாளித்தார். "அத்தானுக்கு எவ்வளவு அக்கறை பாருங்க, நமக்காக நின்னு நின்னு போறாரு" என்று மச்சினி தன் கணவரிடம் சொன்னாள். அக்கா முட்டைப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்.

இரண்டாவது ஓடையைத் தாண்டியதும் அரைமணியின் கண் இடப்பக்கத்தை விட்டு நகரவில்லை. சகலை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினார். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து உரித்துக்கொண்டு வந்த தாள் அவர் கையில் இருந்தது.

"சகலை, முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு."

"ம்."

"நாப்பது ஆச்சு. அடுத்தது நாலு பேர் உட்காரும் கல்லு. கால் கெஞ்சுது, எங்கே அது?"

எதிரே ஒரு திருப்பம். இடப்பக்கம் எப்போதோ யாரோ ஆடுகளை அடைத்து வைத்திருந்த பட்டியின் இடிந்த சுவர். வேறொன்றும் கண்ணில் படவில்லை. அரைமணியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. திரும்பி மனைவியைப் பார்த்தார். வியர்த்த முகத்தோடு அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிச்சுக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, சகலை பக்கம் திரும்பினார்.

"அது வந்து... போன மழையில..."

"போன மழையில புல்லு மண்டிப் போச்சு, அதான் இங்கேருந்து தெரியல" என்றார் மனைவி. "இன்னும் நாலு அடி வைங்க."

நாலு அடி வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், புல்லுக்கு நடுவே, அது இருந்தது. தட்டையான மூன்று கற்கள், பக்கத்தில் பக்கத்தில், அடியில் சின்னக் கற்கள் முட்டுக் கொடுத்து. மேல்புறம் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தது.

"சொன்னா சொன்னபடி இருக்கே, சகலை!" என்று சகலை கம்புகளைக் கீழே போட்டார். "முக்கால் மணி, ஒரு நிமிஷம் முன்னப் பின்ன இல்ல!" தங்கை கடலைப் பார்த்ததும் படம் எடுக்க வேண்டும் என்று அவரை இழுத்துக்கொண்டு மேட்டின் விளிம்புக்குப் போனாள்.

அரைமணி மரம் போல நின்றார். பிறகு கல்லின் வலது ஓரமாக உட்காரப் போனார்.

"அந்தப் பக்கம் உக்காராதீங்க" என்றார் மனைவி, ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டே. "ஆடும்."

அரைமணி பாதியில் அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் எடுத்தது. பத்தொன்பது வருஷம் போய்த் திரும்பி வர வேண்டுமே. ஃபிளாஸ்க் மூடியின் கீழ் கொடுத்து நெம்பிய அந்தக் கோணல் நகத்தைப் பார்த்தார்.

"மூடி விழுந்ததுன்னு சொன்னே."

"பின்னே, கல்லு விழுந்ததுன்னா சொல்ல முடியும்?" மனைவி தேநீரை ஊற்றினார். "விடுதியில ஒரு ஆளு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு இருந்தாரு, அங்க கல்லும் இல்ல மண்ணும் இல்ல, இந்த மனுஷன் மேல வந்தே இருக்க மாட்டாருன்னு. எனக்கு அவமானமாப் போச்சு. மறுநாளே லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டேன். நீங்க ஜன்னல்ல இருந்தீங்க. சுவத்துலதான் கல்லு கிடக்கே, நெம்பி நெம்பிக் கொண்டு வந்து போட்டேன். ரெண்டு நாள் ஆச்சு."

"வழி எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"உங்க தாள்தான். அதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் ஏறினேன். ஒரு அடி தப்பல. அதனாலதான சொல்றேன் அவகிட்ட, கண்ணைக் கட்டி விட்டாலும் ஏறிடுவீங்கன்னு. அது ஒண்ணும் பொய் இல்ல."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா வெக்கப்பட்டு அந்த வரியை எடுத்துடுவீங்க. விரல் நசுங்கி வச்ச கல்லு." தேநீரை அவரிடம் நீட்டினார். "நாலு பேருன்னு வேற எழுதி வச்சிட்டீங்க. அளக்கறதுக்கு நாலு பேருக்கு நான் எங்கே போவேன்? நானே தள்ளித் தள்ளி நாலு தடவை உக்காந்து பாத்தேன்."

அரைமணி தேநீரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். யாருமில்லாத இந்த மேட்டில், ரத்தம் கட்டின விரலோடு, ஓர் ஆளாக உட்கார்ந்து, எழுந்து, தள்ளி, இரண்டாவது ஆளாக உட்கார்ந்து பார்த்த அந்தப் பெண்பிள்ளையை நினைத்தார். தான் ஜன்னலில் உட்கார்ந்து ஊரையெல்லாம் புளுகர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்ததையும் நினைத்தார். அவமானமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பதினோராவது திட்டத்தை எடுத்தார். எட்டாக மடித்தார். மண்டி போட்டு, வலது ஓரக் கல்லின் அடியில், முட்டுக்கல் நகர்ந்திருந்த சந்தில், அதைத் திணித்தார். கையால் ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, அந்த ஓரத்திலேயே உட்கார்ந்தார். ஆடவில்லை.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மிச்ச இடத்தைக் கையால் துடைத்துவிட்டார். பிறகு விளிம்பைப் பார்த்து, மலையே கேட்கும்படியாகத் தங்கையைக் கூப்பிட்டார்.

"வாடி! நாலு பேரும் தாராளமா உக்காரலாம்!"